மூன்று தாழ்ப்பாள்

பாலக்கோட்டில் எங்கள் வீட்டைப்
படப்பிடிப்புக்குக் கேட்டார்கள்.
நாளுக்கு எட்டாயிரம், பன்னிரண்டு நாள்.
கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. சரியென்றேன்.

குடும்பப் படம், என்றார் மேனேஜர்.
குடும்பத்துக்குள்ளேயே ஒரு பிரச்சினை.
என்ன பிரச்சினை என்றதற்கு
சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டு
"முறை தப்பினது" என்றார்,
சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து
விலை பேசுகிறவர் மாதிரி.

புளி அறைதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது.
இருட்டு நல்லா நிக்குது, என்றார் கேமராக்காரர்.
கலை இயக்கப் பையன் கதவைத் தள்ளினான்.
கதவின் உட்புறத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"என்னக்கா, புளிக்குப் போய் மூணு தாழ்ப்பாளா?
அதுவும் உள்பக்கம்?
ஆடியன்ஸ் நம்ப மாட்டாங்க."

இரண்டைக் கழற்றினான்.
எட்டுத் திருகாணிகளை என் உள்ளங்கையில் கொட்டினான்.

மேலே இருந்தது வீட்டோடு வந்தது.
நடுவில் இருந்தது
அக்கா மாதேஸ்வரி ஸ்காலர்ஷிப் பணத்தில் வாங்கியது.
கீழே இருந்தது
என் கைக்கு எட்டுகிற உயரத்தில்.

சித்தப்பா என்கிற சொல்லுக்குள் அப்பா இருக்கிறார்.
மொழி அதை ஒளித்துக்கூட வைக்கவில்லை.
தாய்மாமனுக்குப் பெண் கொடுக்கிற ஊர்,
யார் முறை யார் முறையில்லை என்று
பால்பல் விழாத பிள்ளைக்கும் தெரியும்.
முறைமாமன், முறைப்பெண், முறைவாசல்,
கிணற்றில் தண்ணீர் இறைக்கவும் முறை இருந்தது.
முறையிடத்தான் ஆளில்லை.
அம்மாவிடம் சொன்னோம்.
"கதவைச் சாத்திட்டுப் படுங்க" என்றாள்.
சாத்தினோம்.

ஒகேனக்கல் தண்ணீர் எட்டு நாளுக்கொருதரம் வரும் தெருவில்
இரண்டு லாரி மழை பெய்தது அன்றிரவு.
நாயகியை நோக்கிக் கதவு திறக்கும்போது
கேமரா மெல்ல நகர்ந்து ஜன்னலுக்குப் போனது,
மழைக்குப் போனது,
அணைகிற ஒரு விளக்குக்குப் போனது.
நாகரிகமாகத்தான் எடுக்கிறோம், என்றார் இயக்குநர்.
உண்மைதான்.
அதைக் காட்டச் சொல்லி நானும் கேட்கவில்லை.
நான் காத்திருந்தது மறுநாள் காலைக்கு:
அவர் கை கழுவிவிட்டு உட்காருவதற்கு,
பெரிய களி உருண்டையை அம்மா
அவர் தட்டில் வைப்பதற்கு,
"பாப்பா, தண்ணி கொண்டா" என்பதற்கு,
நான் கொண்டுபோவதற்கு.
அந்தக் காட்சியை எடுக்கவேயில்லை.

கடைசி நாள் பையன் தாழ்ப்பாள்களோடு வந்தான்.
"பழையபடி மாட்டிரட்டுமாக்கா?"
கீழே இருந்த துளைகளுக்காகக் குனிந்தவன்
மண்டிபோட வேண்டியிருந்தது.
அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான்.
பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
வேண்டாம், என்றேன்.

தருமபுரியில் ஞாயிறு மாலைக் காட்சி.
இடைவேளைக்குப் பிறகு
டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது:
அவன் இந்த வீட்டு ரத்தமே இல்லையாம்,
எங்கேயோ எடுத்து வளர்த்த பிள்ளையாம்.
அரங்கம் மூச்சு விட்டது.
எனக்குப் பின்வரிசையில் ஒருவர்
"அப்பாடா" என்றார்.
பாப்கார்ன் சத்தம் மறுபடி தொடங்கியது.

இரவு ஓசூரிலிருந்து போன்.
பின்னால் கம்பெனி இயந்திரங்கள்.

நம்ம கதவு வந்துச்சா?
வந்துச்சு.
தாழ்ப்பாள்?
ஒண்ணு.

இயந்திரங்கள் மட்டும் கொஞ்ச நேரம்.

ஓட்டையெல்லாம் பூசிட்டாங்களா?
பூசியிருந்தாங்க. வெளிச்சம் பட்டப்ப தெரிஞ்சுது,
ஒரு நொடி.
எண்ணினியா?
எண்ணினேன். எட்டும் இருக்கு.

சரி, என்றாள்.
ஷிப்டுக்கு மணி அடித்தது.